கையெழுத்தை மட்டும் கத்தரிக்காதீர்கள்

கேள்வி: புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்த்து வருகிறேன். 1915 தேதியிட்ட பிரெஞ்சுக் கடிதம் ஒன்று விலைக்கு வருகிறது. அடியில் ‘லெ கொர்பூசியே’ என்ற கையெழுத்து பளிச்சென்று இருக்கிறது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. கையெழுத்தை மட்டும் கத்தரித்து, அவர் படத்தோடு ஃபிரேம் போடலாமா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். பணத்தையும் எடுக்காதீர்கள். 1915-ல் லெ கொர்பூசியே என்ற பெயரே கிடையாது. ஷார்ல் எதுவார் ழான்னரே என்ற சுவிட்சர்லாந்து இளைஞர்தான் இருந்தார். 1920-ல் பாரிஸில் ‘லெஸ்ப்ரி நூவோ’ பத்திரிகையில் எழுதும்போதுதான் அந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டார். ஆக, உங்களிடம் காட்டப்பட்டது போலி. அதைக் காட்டிக்கொடுத்தது எது? மேலே இருக்கும் தேதி. நீங்கள் வெட்டித் தூர எறிய நினைத்த பகுதி!

கையெழுத்து கடிதத்தின் கடைசி வரி, அவ்வளவுதான். டெல்லி ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் தன் மனைவி எமிலிக்கு எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் லண்டனில், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. நடுநடுவே குட்டிக் குட்டிப் படங்கள் வரைந்திருப்பார். டெல்லியில் விஜய் சௌக்கில் நின்று ராஷ்டிரபதி பவனைப் பாருங்கள். சாலையின் ஏற்றம் மறைத்து, மாளிகை கீழே அமிழ்ந்து போய் மேல்பகுதி மட்டும்தான் தெரியும். அந்தச் சரிவுக்காகத்தான் அவரும், பக்கத்துச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கரும் வருடக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். அந்த மனத்தாங்கலை அவர் கொட்டியது மனைவியிடம்தான். அந்தக் கடிதங்களை ஆளுக்கொரு துண்டாக ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? வெறும் ஒரு கையெழுத்து.

சரி, இனி வாங்கினால் முழுதாக வாங்குங்கள், உறை கிடைத்தால் உறையோடு. டைப் அடித்த கடிதமா? பின்பக்கம் விரலால் மெல்லத் தடவுங்கள். எழுத்துகள் குத்திய தடம் பெரும்பாலும் தட்டுப்படும். நகல் எடுத்த தாள் வழவழவென்று இருக்கும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், வெயில் படும் சுவரும் வேண்டாம். அமிலமில்லாத காகித உறையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு நகலை மாட்டுங்கள்.

புதுச்சேரி உங்களுக்குப் பக்கம். அடுத்த முறை பிரெஞ்சுக் கடிதம் வந்தால் அங்கே தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விலை பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.