கொழுப்பு குறைய அதிக எடையா, அதிக முறையா?

கேள்வி கேட்டவர் நாகர்கோவிலில் வேலை செய்கிறார். வயது 35, எடை 84 கிலோ. ஜிம் மாஸ்டர் "வெயிட்டைக் குறைச்சு 25 ரெப்ஸ் போடு, கொழுப்பு உருகிடும்" என்கிறாராம் (ரெப்ஸ் என்றால் ஒரு எடையைத் தொடர்ந்து எத்தனை முறை தூக்குகிறோம் என்ற கணக்கு). நண்பரோ "கனமா தூக்குனாத்தான் கொழுப்பு கரையும்" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி. மனைவியும் ஜிம்மில் சேர ஆசைப்படுகிறார், பெண்கள் அதிக எடை தூக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஜிம்மில் மாலை நேரங்களில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது இந்தக் கேள்வியைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடம்பில் உள்ள கொழுப்பைக் குறைக்கப்போவது உங்கள் சாப்பாடு. குறைகிற எடை தசையிலிருந்து போகாமல் கொழுப்பிலிருந்தே போகும்படி பார்த்துக்கொள்வதுதான் எடைப் பயிற்சியின் வேலை. அந்த வேலைக்கு உங்களுக்கு நான் சொல்வது, நல்ல கனமான எடை, 6 முதல் 12 முறை. உங்கள் மாஸ்டர் சொல்லும் 25 முறையும் ஒரு நிபந்தனையோடு பலிக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதிக முறை செய்தால் கொழுப்பு உருகும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த எரிச்சலிலிருந்துதான். 20 முறை தாண்டும்போது தொடையும் தோளும் தீப்பிடித்த மாதிரி எரியும், வியர்வை கொட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம், சட்டையைப் பிழியலாம். ஆனால் 25 முறை கொண்ட ஒரு செட், அதாவது நடுவில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று, ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அந்த நேரத்தில் தசை எரிப்பது பெரும்பாலும் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை. எரிச்சல் அந்த அவசர எரிப்பில் சேரும் கழிவுகளால் வருவது. வியர்வை வெறும் தண்ணீரும் உப்பும், வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். கொழுப்பு உடம்பை விட்டு எப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், 1.6 கிலோ தண்ணீராக மாறும். எந்த இடம் எரிகிறதோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பதும் கிடையாது. தினமும் நூறு கிரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கும் வயிற்றுப் பயிற்சி) அடித்தால் வயிற்றுத் தசை பலப்படும், அதன் மேல் கிடக்கும் கொழுப்புக்கு அது தெரியவே தெரியாது.

குறைந்த கனத்தை ஆயிரம் தடவை திரும்பத் திரும்பச் செய்தால் கலோரி செலவாகத்தான் செய்யும், மறுக்கவில்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். இருட்டோடு நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கினால், ஒருவர் 300, 400 மரம் வெட்டுவார். மேடும் பள்ளமுமாக அத்தனை மரத்துக்கும் நடக்க வேண்டும், பிறகு பால் எடுக்க இன்னொரு சுற்று. அவர்களில் பலர் ஒட்டிய வயிற்றோடு இருப்பதற்குப் பல மணி நேர நடையும் உழைப்பும் காரணம். ஜிம்மில் குட்டி டம்பெல்லை மூன்று செட் 25 முறை ஆட்டுவதை அதோடு சேர்க்க முடியாது. உடம்பை ஓயாமல் அசைத்துக் கலோரியைச் செலவழிக்க வேண்டும் என்றால் நடையே போதும். சொத்தவிளைக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடங்கள், ஞாயிற்றுக்கிழமை மருந்துவாழ்மலை ஏறுங்கள். அதை டம்பெல்லிடம் கேட்காதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் பாதிதான் சரி. கனமாகத் தூக்கினால் தசை கூடும், தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்று சொல்லியிருப்பார். ஒரு கிலோ தசை ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவழிப்பது 13 கலோரி அளவுதான். இரண்டு கிலோ தசை ஏற்றினாலும் (அதுவே சாதாரண உழைப்பு இல்லை) ஒரு கட்டன் சாயாவில் போடும் சர்க்கரைக்குத்தான் ஆகும். 84 கிலோ ஆள் ஒரு மணி நேரம் எடைப் பயிற்சி செய்தால் 300 கலோரி செலவாகலாம். நேந்திரம் சிப்ஸ் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பொட்டலம் வாங்கிப் பாதியைக் கொறித்தால் அன்றைய பயிற்சிக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது.

இரண்டு பக்கமும் இப்படி அடிபட்டால் எடையை எதற்குத் தூக்க வேண்டும்? எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு பற்றாக்குறையைக் கொழுப்பிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளாது. எடைப் பயிற்சி இல்லாமல் மெலிகிறவர்களுக்கு, குறைகிற எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பு அல்லாததாக இருக்கும், தசை அதில் அடக்கம். பட்டினி கிடந்தால் இன்னும் மோசம். வளைகுடாவிலிருந்து கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். காலையில் கஞ்சி, இரவில் பழம், சின்ன டம்பெல்லில் நூற்றுக்கணக்கில் ரெப்ஸ். தராசில் எடை இறங்கியது, உண்மைதான். ஆனால் கன்னம் ஒட்டி, தோள் சரிந்து, தொந்தி மட்டும் பாக்கி இருந்தது. கல்யாண வீட்டில் பார்த்த மாமிமார் எல்லாம் "என்ன மக்கா, மேலுக்குச் சுகமில்லியா?" என்று கேட்டு அவனை நோகடித்துவிட்டார்கள். அவன் உழைப்பில் குறையே இல்லை. அந்த உழைப்பு தசையைக் காக்கும் வகையில் இல்லை, அவ்வளவுதான்.

உடம்புக்குக் கனமான வேலை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், போதிய புரதமும் கிடைத்தால், பற்றாக்குறைக் காலத்திலும் அது தசையை விட்டுக்கொடுக்காது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கொழுப்பு குறையும்போதே தசை கொஞ்சம் கூடவும் செய்யும். கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் "கட்டிங்" என்று சொல்லிக்கொண்டு அதுவரை தூக்கிய எடையில் பாதியைக் கழற்றி வைப்பது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். எந்தக் கனம் அந்தத் தசையைக் கட்டியதோ, அந்தக் கனத்தை முடிந்தவரை பிடித்து வைத்திருங்கள். அசதியாக இருந்தால் செட்டைக் குறையுங்கள், பாரில் உள்ள தட்டைக் குறைக்காதீர்கள்.

இனி நான் சொன்ன நிபந்தனை. தசை வளர்வதைப் பொறுத்தவரை 6 முறையும் 25 முறையும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் செட்டை முடிக்கும்போது இன்னும் ஒன்றோ இரண்டோ முறைக்கு மேல் தூக்க முடியாது என்ற நிலை வந்திருக்க வேண்டும். உடல் பலம் கூடுவதற்கு மட்டும் அதிக எடைதான் மேல். 40 முறை தூக்கக்கூடிய எடையை 25இல் நிறுத்திவிட்டுக் கண்ணாடி பார்ப்பவருக்குத் தசை காப்பாற்றப்படாது. நான் பார்க்கும் அதிக ரெப்ஸ் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வகை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்குவாட்டை (தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) 25 முறை, அதுவும் கால் களைக்கும் எல்லை வரை செய்து பாருங்கள். கால் களைக்கும் முன்பே மூச்சு வாங்கிவிடும். குறைவாகச் சாப்பிடும் நாட்களில் அதை வாரம் மூன்று முறை செய்ய மனம் ஒப்பாது. 8 முறையில் முடிகிற எடை என்றால் வேலை சீக்கிரம் முடியும், எல்லை எங்கே என்பதும் தெளிவாகத் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு. உடல் எடை குறையக் குறைய, நீங்கள் ஸ்குவாட்டில் தூக்கும் கிலோ குறையாமல் நின்றால் தசை பத்திரமாக இருக்கிறது என்று நம்பலாம். தராசு அதைச் சொல்லாது.

அதிக முறையே நல்லது என்று நானே சொல்லும் ஆட்களும் உண்டு. முழங்கால், தோள் வலி உள்ளவர்கள், வீட்டில் ஒரு ஜோடி டம்பெல் மட்டும் வைத்திருப்பவர்கள், வயதானவர்கள், அப்புறம் முதல் சில வாரங்கள் பயிற்சியைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளும் எல்லோரும். கைத் தசை, தோள் பக்கவாட்டு மாதிரியான சின்னப் பயிற்சிகளுக்கும் 12 முதல் 20 முறைதான் மூட்டுக்கு இதம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கனமாகத் தூக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும், அதிக முறையை எல்லை வரை இழுத்தாலும் ஏறும். இரண்டுமே அவர்களுக்கு ஆபத்து. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கேட்டுவிடுங்கள், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து போகலாம்.

உங்களுக்கு என்றால் வாரம் மூன்று நாள் போதும். ஸ்குவாட், தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தலைக்கு மேலே தூக்கும் பிரஸ், முதுகுக்கு எடையைத் தன் பக்கம் இழுக்கும் ரோயிங். இவற்றைச் சுற்றியே வையுங்கள், ஒவ்வொன்றும் மூன்று செட், நடுவில் இரண்டு, மூன்று நிமிட ஓய்வு. எல்லா செட்டிலும் 12 முறை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த தடவை இரண்டரை கிலோ கூட்டுங்கள். டெட்லிஃப்ட்டில் முதுகு வளைந்தால் அன்றைக்கு அந்த எடை உங்களுடையது இல்லை. யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் 15 நாளில் ஒரு கிலோ. மெதுவாகத் தெரியும், ஆனால் தசை நிற்கும் வேகம் அதுதான். புரதம் 115 கிராம் வரை வேண்டும். நீங்கள் போய்ச் சேர வேண்டிய எடை 72 கிலோ என்று வைத்து, கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் சொல்கிறேன். இதற்குப் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய வரம் மீன். சாளை, அயிலை, சூரை எதுவானாலும் 100 கிராம் சதையில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். 300 கிராம் மீன், மூன்று முட்டை, ஒரு கிண்ணம் பயறு, இரண்டு டம்ளர் பாலோ தயிரோ இருந்தால், மீதியைச் சோறும் கறியும் நிரப்பிவிடும்.

மரச்சீனிக் கிழங்கை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, விடவும் வேண்டாம். ஆனால் 100 கிராம் கிழங்கில் 160 கலோரி, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. நம் வீடுகளில் தட்டு நிறையக் கிழங்கும் ஓரத்தில் இரண்டு துண்டு மீனுமாக வைப்பார்கள். அந்த அளவைத் திருப்பிப் போடுங்கள். தேங்காய் அரைத்த குழம்பைக் கட்டியாகக் கோரி ஊற்றாமல் மீனைக் கூட்டி எடுங்கள். பொரிக்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி என்பதையும் நினைவில் வையுங்கள். தவக்காலத்திலும் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் நாட்களிலும் மீன், முட்டை எல்லாம் நின்றுபோகும். நிறையப் பேர் அந்த நோன்பையே எடை குறைப்புக்கும் பயன்படுத்துகிறார்கள். அப்போது தட்டில் சோறும் பழமும் மட்டும் மிஞ்சும். கடலை, சிறுபயறு, தயிர், மீல்மேக்கர் ஆகியவற்றை அந்த நாட்களில் வேண்டுமென்றே கூட்டிக்கொள்ளுங்கள். 100 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் 50 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு.

முதல் இரண்டு வாரம் தராசு அசையாமல் நின்றாலோ, ஒரு கிலோ ஏறினாலோ பதறாதீர்கள். புதிதாக எடை தூக்கும் தசை தண்ணீரைப் பிடித்து வைக்கும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல், பெண்களுக்கு 80க்கு மேல் போனால் சர்க்கரை, இதய நோய் அபாயம் கூடுகிறது. தராசைவிட எனக்கு அந்த டேப் மேல் நம்பிக்கை அதிகம்.

உங்கள் மனைவி தாராளமாகக் கனமாகத் தூக்கலாம். ஆண் மாதிரி உடம்பு ஆகிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படலாம். பெண்களுக்கு அந்த அளவு தசை ஏறத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கி, மொத்தம் 202 கிலோவோடு வெள்ளி வாங்கினார். அந்தப் படத்தைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். பிள்ளை பெற்று சில மாதங்களே ஆகியிருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். மற்றபடி அவருக்கும் அதே மூன்று நாள், அதே பயிற்சிகள். பெரிய பார் தட்டில்லாமலே 20 கிலோ இருக்கும். முதல் வாரம் அது கனமாகத் தெரிந்தால், ஒரே டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட் தொடங்கட்டும். 12 முறை நேராக உட்கார்ந்து எழ வந்ததும் பாருக்கு மாறிக்கொள்ளலாம்.