பத்து கோடி பாக்டீரியாவும் ஒரு துண்டு சூயிங்கமும்

கேள்வி: அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் துலக்க வசதி இல்லை. அதனால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லத் தொடங்கியிருக்கிறேன். ஒரு துண்டை மென்றால் வாயிலிருந்து பத்து கோடி பாக்டீரியா வெளியேறும் என்று படித்தேன். அப்படியானால் அசதியான நாட்களில் இரவு பல் துலக்காமல் சூயிங்கம் மட்டும் மென்றால் போதுமா? நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: மதியம் மெல்லுவதைத் தாராளமாகத் தொடருங்கள். இரவு பல் துலக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்தப் பத்து கோடி. எண் பொய்யில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் வந்தது அது. ஐந்து பேரைப் பத்து நிமிடம் வரை மெல்லச் சொல்லி, துப்பிய சூயிங்கத்துக்குள் எத்தனை பாக்டீரியா சிக்கியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். துண்டுக்குச் சுமார் பத்து கோடி. கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு மில்லி உமிழ்நீரிலும் ஏறக்குறைய அதே அளவு பாக்டீரியா இருக்கிறது. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூன்று நிமிடத்துக்கு ஒரு மில்லி உமிழ்நீர் சுரக்கும், அதை உங்களை அறியாமலே விழுங்கியும் விடுவீர்கள். ஆக, சூயிங்கம் சேர்த்து வைக்கும் பாக்டீரியாவை உங்கள் தொண்டை மூன்று நிமிடத்தில் இறக்கிவிடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மெல்லத் தொடங்கியவுடன்தான் அதிகம் சிக்குகிறது, போகப் போகக் குறைகிறது. பாக்டீரியாவைப் பிடிக்கவேண்டும் என்று மணிக்கணக்கில் மெல்லுவதில் பலன் இல்லை.

அப்படியானால் சூயிங்கத்தால் என்னதான் நன்மை? அது வரவழைக்கும் உமிழ்நீர்தான். சாப்பிட்டு முடித்ததும் பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமாக்கத் தொடங்குகிறது. சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சரியும், சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். தானாகச் சரியாக அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் மென்றால் உமிழ்நீர் பல மடங்கு பெருகுகிறது. அளவு மட்டும் கூடுவதில்லை. வேகமாகச் சுரக்கும் உமிழ்நீரில் பைகார்பனேட்டும் அதிகம். அது அமிலத்தைச் சமன் செய்கிறது, உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குத் திரும்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் இந்த அமிலத்தைச் சமன் செய்ய உதவும் என்று விளம்பரம் செய்ய வேண்டுமானால், சாப்பிட்ட பிறகு குறைந்தது 20 நிமிடம் மெல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கும் அதே 20 நிமிடம்தான் கணக்கு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நினைவு வந்து மென்றால் பெரிய லாபம் இல்லை.

இனி நல்ல பாக்டீரியா பற்றிய பயம். சூயிங்கம் கிருமிநாசினி அல்ல, கண்மூடித்தனமாக எதையும் கொல்வதில்லை. சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருளைச் சேர்த்த வகையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, சைலிட்டாலைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அதைச் செரிக்கவும் முடியாது, அதிலிருந்து அமிலம் தயாரிக்கவும் முடியாது. சக்தியைச் செலவழித்து மறுபடி வெளியே தள்ளவேண்டியதுதான். இப்படியே இளைத்துப்போகும் மியூட்டன்ஸ், பல்லில் ஒட்டுவதற்கான பசையையும் குறைவாகவே உருவாக்குகிறது. 1970-களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் சைலிட்டாலுக்கு இந்தப் பெயர் கிடைத்தது. என்றாலும் எனக்கு இதில் விளம்பரங்களில் காணும் அளவு உற்சாகம் இல்லை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, சைலிட்டால் சூயிங்கம் சொத்தையைத் தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றே முடித்தது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் இன்னோர் இனிப்பான சார்பிட்டாலை மியூட்டன்ஸால் மெதுவாகச் செரிக்க முடியும். ஆனால் பெருகிவரும் உமிழ்நீர் அந்தச் சொற்ப அமிலத்தைச் சமாளித்துவிடும். சைலிட்டால்தான் வேண்டும் என்றால், உறையின் முன்பக்கப் பெரிய எழுத்தை நம்பாமல் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிகம் சேர்த்த பொருள் பொதுவாக முதலில் இருக்கும்.

சரி, இரவுக்கு வருவோம். பல்லின் மேல் படியும் பிளேக் என்பது பாக்டீரியா தானே சுரக்கும் பசையில் புதைந்து கட்டிய படலம். அதைத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். சூயிங்கம் உரசுவது மெல்லும் பரப்பில். சாப்பிடும்போதே அந்த இடம் ஓரளவு சுத்தமாகிவிடும். தொல்லை தொடங்கும் இடங்களான பல் இடுக்கையும் ஈறு ஓரத்தையும் அது எட்டுவதே இல்லை. அதற்கு மேல், தூங்கும்போது உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்றே போகிறது. பகலில் உங்களுக்குக் காவலாக இருப்பது எதுவோ, அது இரவில் இல்லை. அந்த நேரத்துக்குப் பல்லில் புளோரைடு தங்கியிருப்பது அவசியம், அதைத் தருவது பற்பசைதான். உண்மையிலேயே களைப்பாக இருந்தால் காலைத் துலக்கலைக்கூடச் சுருக்கிக்கொள்ளுங்கள், இரவில் கைவைக்காதீர்கள்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். புளிப்புப் பழச்சுவை உள்ளவற்றில் அமிலம் சேர்த்திருப்பார்கள். புதினா வகை மேல். தாடை வலித்தாலோ 'டக்' என்று சத்தம் வந்தாலோ நிறுத்திவிடுங்கள். நாளுக்கு ஏழெட்டு என்று போனால் சார்பிட்டாலும் சைலிட்டாலும் வயிற்றைக் கலக்கிவிடக்கூடும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு கலந்ததைத் தொடக்கூடாது. வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் பாக்கெட்டைக் கைப்பையில் திறந்து வைக்காதீர்கள்: நமக்கு ஒன்றும் செய்யாத அது, நாயின் உடலில் இன்சுலினை ஏற்றி ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.