தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணைந்தும் வடசென்னையின் தண்டையார்பேட்டைச் சந்துக்குள் 5ஜி வேகம் ஏன் கிடைப்பதில்லை?

இணைப்பு நடந்தாலே வேகம் கூடிவிடும் என்பதில்லை. இரு நிறுவனங்கள் ஒன்றாகும்போது அவற்றின் அலைக்கற்றைகள் ஒரே கையில் சேர்வதால் ஒரு கோபுரம் கையாளக்கூடிய தரவின் அளவு கூடும். ஆனால் கடனும் அதே கையில்தான் சேரும். 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் இணைந்தபோது வாடிக்கையாளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய நிறுவனம் உருவானது. எனினும் 2019 அக்டோபரில் அரசுடனான வருவாய்ப் பங்கீடு குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பழைய நிலுவைகளைத் தலையில் ஏற்றியதால், ஜியோவும் ஏர்டெலும் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவையை அது 2025இல்தான் மும்பையில் தொடங்க முடிந்தது. தமிழ்நாட்டில் செல்வாக்குடன் இருந்த ஏர்செல்லின் கதை இன்னும் மோசம்: ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் திட்டம் 2017இல் முறிந்து, அடுத்த ஆண்டே அது திவாலாகி, இங்கே பலர் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற அலைய வேண்டியதாயிற்று.

சந்துக்குள் வேகம் கிடைக்காததற்குக் காரணம் இயற்பியல். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதிகத் தரவைச் சுமந்தாலும் சுவர்களை ஊடுருவுவதில் பலவீனமானது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி போன்ற நெருக்கமான பகுதிகளில் அடுத்தடுத்த கான்கிரீட் சுவர்கள் அதை உறிஞ்சிவிடுகின்றன. 700 மெகாஹெர்ட்ஸ் வீட்டுக்குள் நன்றாக நுழையும், ஆனால் வேகம் குறைவு. ஆகவே, கைப்பேசியில் தெரியும் 5ஜி குறியை மட்டும் நம்பாமல், உங்கள் அறைக்குள்ளேயே வேகத்தைச் சோதித்த பிறகு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.