நகவெட்டியைக் கண்டாலே ஓடும் நாய்: வாசகர் கேள்விகள்

எங்கள் சிப்பிப்பாறை, நகவெட்டியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தும் முடியவில்லை. (கும்பகோணம்)

அமுக்கிப் பிடிப்பதை இன்றோடு விடுங்கள். இப்போது ஓடுகிறது, அடுத்து கடிக்கும். இரண்டு வாரம் நகத்தையே வெட்ட வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைக் கடலைப் பருப்பு அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தோளில் கை வைத்து அப்படியே பாதம் வரை தடவி, உடனே ஒரு துண்டு கொடுங்கள். காலை இழுத்துக்கொள்ளாமல் நின்றால், மறுநாள் ஒரு விரலை மட்டும் இரண்டு விநாடி லேசாக அழுத்துங்கள். ஒரு தடவைக்கு 3 நிமிடம் போதும்.

தொட்ட பிறகுதான் தீனி. பலர் தீனியைக் காட்டி, வாய் அசைபோடும் நேரத்தில் வெட்டப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் கறி வாசனை வந்தாலே நாய் உஷாராகிவிடும்.

அடுத்தது சத்தம். நாய் பக்கத்தில் இருக்கும்போது தென்னை ஈர்க்குச்சியை நகவெட்டியால் ‘டக்’கென்று நறுக்குங்கள். ஒரு சத்தம், ஒரு துண்டு. சத்தம் கேட்டதும் உங்கள் கையைப் பார்க்க ஆரம்பித்தால், நகவெட்டியால் நகத்தைத் தொட்டு மட்டும் எடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒரே ஒரு நகத்தின் நுனி, அன்றைக்கு அவ்வளவுதான். உதட்டை நக்குவது, கொட்டாவி, கண்வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் பதற்றம். முந்தைய படிக்குப் போய்விடுங்கள்.

நகம் கறுப்பு. எங்கே நிறுத்துவது? (திருவையாறு)

1 மில்லிமீட்டராகச் சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறி, பொடிப்பொடியாக இருக்கும். நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள், அதற்கு உள்ளே ரத்தநாளமும் நரம்பும் இருக்கின்றன. நகம் நீண்டால் அவையும் நீளும் என்பதால் ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை நுனி எடுத்தால் மெல்லப் பின்வாங்கும். நாம் பயன்படுத்தும் நகவெட்டி வேண்டாம், உருண்டை நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். அலகு மழுங்கிய நகவெட்டியும் அப்படித்தான்.

ரத்தம் வந்தால் காப்பித்தூள் வைக்கலாமா? (மயிலாடுதுறை)

கூடாது. நாய் நக்கும், காஃபீன் அதற்கு விஷம். படிகாரத்தூள் அல்லது சோளமாவை (கார்ன்ஃப்ளார்) நுனியில் வைத்து 5 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். 20 நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

வயலில் ஓடும் நாய்க்கு நகம் தானாகத் தேயாதா? (மன்னார்குடி)

சிமென்ட் சாலையில் ஓடினால் தேயும். நம் களிமண்ணும் வரப்பும் அந்த அளவுக்குத் தேய்க்காது. பாதத்துக்கு மேலே உள்ள கட்டைவிரல் நகம் தரையிலேயே படாது, விட்டால் சுருண்டு சதைக்குள் குத்தும். ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று பாதத்தைத் தொட விடாவிட்டால் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். சேற்றில் ஊறிப் புண்ணாகியிருக்கலாம். அதை ஆற்றாமல் பழக்கத் தொடங்கினால் பயன் இல்லை.

உறுமிக் கடிக்க வருகிறது. தூக்க மாத்திரை கொடுக்கலாமா? (நாகப்பட்டினம்)

மனிதர் மாத்திரை வேண்டவே வேண்டாம். எடை பார்த்துப் பதற்றம் குறைக்கும் மருந்து தர கால்நடை மருத்துவரால்தான் முடியும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில், 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டிய பலகையைச் சாய்த்து வைத்து நாயே பிறாண்டப் பழக்குங்கள், முன்னங்கால் நகமாவது தேயும். பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.