கட்டி கெட்டி, செல் மிருது

வணக்கம். புற்றுநோய் செல் நல்ல செல்லைவிட மிருதுவானது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். என் அத்தைக்கு மார்பில் வந்த கட்டி கோலிக்குண்டு மாதிரி தட்டுப்பட்டது. டாக்டரும் கெட்டியாக இருக்கிறதா என்றுதான் தொட்டுப் பார்த்தார். அப்புறம் எப்படி மிருது? ஒற்றைச் செல்லை எதை வைத்து அமுக்குவார்கள்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அத்தை சொன்னதும் சரி, நான் எழுதியதும் சரி. கையில் தட்டுப்படுவது தனிச் செல் இல்லை. செல்களைச் சுற்றிக் கொலாஜன் என்ற புரத இழைகள் பெருகி, தழும்பு போல இறுகிப்போன திசு அது. செல்கள் அதற்குள் இருக்கின்றன.

அமுக்கப் பயன்படுவது அணுவிசை நுண்ணோக்கி. பின்னிக், குவேட், கெர்பர் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1986-ல் வெளியுலகுக்குச் சொன்னது. பெயர்தான் நுண்ணோக்கி, செய்வது தடவிப் பார்க்கும் வேலை. முடியைவிட மெல்லிய தகடு, அதன் நுனியில் ஒரு முனை. முனை செல்லில் அழுந்தும்போது தகடு வளையும். தகட்டின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி இடம் மாறும். அதிலிருந்து விசை தெரிந்துவிடும், நானோநியூட்டன் என்ற மிகச் சிறிய அலகில். இவ்வளவு விசைக்குச் செல் எவ்வளவு குழிந்தது என்று பார்த்தால் அதன் விறைப்பு கிடைக்கும். கண்ணாடி வில்லைகள் ஒன்றோடொன்று அழுந்துவது பற்றி 1880களில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் போட்ட கணக்கைத்தான் இதற்கும் போடுகிறார்கள். எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

2007-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், நோயாளிகளுக்கு நெஞ்சில் கோத்திருந்த நீரிலிருந்து செல்களை எடுத்து அமுக்கினார்கள். வெறும் தோற்றத்தை வைத்துப் பிரிப்பது கடினமான செல்கள். விறைப்பைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மிருது. நல்லவை சராசரியாக 1.97 கிலோபாஸ்கல், பரவிய புற்றுநோய் செல்கள் 0.53. நான்கில் ஒரு பங்கு சொச்சம்தான்! இளகிய செல் இடுக்குகளில் நெளிந்து நுழைய வசதி என்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 2012-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்து வந்த ஆய்வில் இருக்கிறது. மார்பிலிருந்து எடுத்த திசுத் துண்டுகளை ஆயிரக்கணக்கான இடங்களில் அமுக்கினார்கள். நல்ல திசு ஏறக்குறைய ஒரே சீர். புற்றுக் கட்டியிலோ மிக மிருதுவான இடமும் விறைப்பான இடமும் அடுத்தடுத்து.

ஒன்று மட்டும். இந்த எண்களைத் தெர்மாமீட்டர் எண் போல நினைக்காதீர்கள். செல்லின் மெல்லிய ஓரத்தில் அமுக்கினால் அடியிலுள்ள கண்ணாடியின் விறைப்பும் சேர்ந்து வரும்; வேகமாக அமுக்கினால் அதே செல் இன்னும் விறைப்பாகத் தெரியும். முனை கூர்மையா உருண்டையா என்பதற்கும் எண் மாறும். அதனால் 0.53-ஐ இன்னொரு ஆய்வகத்து எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது.