தொட்டால் தெரிய வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

பார்வையற்றோரின் அன்றாடம் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

எங்க அப்பாவுக்கு 67 வயசுங்க. கண் நீர் அழுத்த நோயில ரெண்டு கண்ணும் போயிருச்சு. தோட்டத்துல குடியிருக்கறோம். மாட்டுக் கட்டுத்தரைக்கும் மோட்டார் ரூமுக்கும் நானே போய்க்குவேன்னு பிடிவாதமா இருக்கறாரு. நடுவுல கிணறு இருக்குதுங்க. விடறதா வேண்டாமா?
– வாசகி, காங்கயம் அருகே

போகட்டும். ஆனால் அதற்கு முன் கிணற்றுக்குப் பாதுகாப்புச் செய்யுங்கள். மதில் இல்லாத கிணறு என்றால், சுற்றுச்சுவர் எழும்பும்வரை அந்தப் பக்கம் அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. சுவர் இடுப்புக்கு மேல் இருக்க வேண்டும். முழங்கால் உயரத் திண்டு காலைத் தட்டி ஆளை உள்ளேயே தள்ளிவிடும். முள்வேலியும் கயிறும் மதிலுக்கு ஈடாகாது. சுவரைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு ஜல்லி கொட்டி வையுங்கள். செம்மண்ணில் நடந்து வந்த கால் ஜல்லியை மிதித்த உடனே கிணறு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளும். ரயில் நிலைய நடைமேடை ஓரத்தில் புள்ளி வைத்த மஞ்சள் ஓடு பதிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்தது வழிக்கயிறு. வீட்டுத் திண்ணையிலிருந்து கட்டுத்தரை வரை, கிணற்றை நன்றாக விலக்கி, பத்தடிக்கு ஒரு கல்காலோ குழாயோ நட்டு, 10 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். நட்ட கல்கால் எல்லாவற்றுக்கும் ஒரே பக்கமாகக் கயிறு ஓட வேண்டும். மாறி மாறிச் சுற்றினால் ஒவ்வொரு கல்காலிலும் கை தடைபடும். மோட்டார் ரூமுக்குப் பிரியும் இடத்தில் ஒரு முடிச்சு, கட்டுத்தரை வாசலுக்கு முன் இரண்டு முடிச்சு. கம்பி வேண்டாம், துருப்பிடித்து உள்ளங்கையைக் கிழிக்கும். மோட்டாருக்கு லைன் போகும் கம்பத்தில் கயிற்றைக் கட்டவே கூடாது. மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், நைலான் தொய்யும்.

கையில் என்ன கோல் வைத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மூங்கில் தடி உடம்பைத் தாங்கும், முன்னால் இருப்பதைச் சொல்லாது. வெள்ளைக்கோல் நெஞ்செலும்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் பள்ளத்தைக் கோல் காட்டுவதற்குள் கால் போய்விடும். இடது கால் முன்னே வைக்கும்போது கோலின் நுனி வலப்பக்கம், வலது கால் வைக்கும்போது இடப்பக்கம். தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வீச்சு. தோட்டத்து மண்ணில் நுனியைத் தூக்கித் தட்டுவதைவிடத் தரையோடு தேய்த்துக்கொண்டே போவது நல்லது, பள்ளம் தப்பாது. பென்சில் போல் கூரான நுனி வரப்பிலும் சரளையிலும் குத்திக்கொண்டு நிற்கும். உருண்டையாகச் சுழலும் நுனி வாங்கிப் போடுங்கள். கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடக்குக் கோலுக்கு மனுக் கொடுக்கலாம். நடக்கும் பயிற்சியையும் அங்கேயே கேளுங்கள். பயிற்சி இல்லாமல் கோலை மட்டும் கொடுத்தால் அது மூலையில்தான் கிடக்கும்.

இடுப்புக்கு மேலே இருப்பதைக் கோல் காட்டாது. தாழ்வாரத் தகர ஓரம், துணிக்கொடி, நிறுத்தி வைத்த டிராக்டர் டிரெய்லரின் பின்பலகை எல்லாம் நேராக முகத்தில் வந்து இடிக்கும். கொடியை ஏழடிக்கு உயர்த்துங்கள், டிரெய்லருக்கு ஓர் இடம் குறித்து அங்கேயே நிறுத்துங்கள். கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியைப் பிளக்கும். மண்வெட்டியை வழியில் போட்டுவிட்டு "பார்த்துப் போங்கப்பா" என்று சொல்லிப் பயனில்லை. இந்த விஷயத்தில் முதலில் பழக வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான்.

இன்னொன்று, காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் தென்னை மட்டைச் சத்தமே காதை அடைத்துவிடும். மாடு எங்கே கத்துகிறது, திண்ணையில் ரேடியோ எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்துத் திசை பிடிப்பவருக்கு அந்த இரண்டு மாதமும் கஷ்டம். அப்போது கயிற்றை விட்டு விலகாமல் நடக்கச் சொல்லுங்கள்.

பிறவியிலேயே பார்வை இல்லாத என் மகளுக்கு 22 வயது. சமைக்கக் கற்றுக்கொடு என்கிறாள். அடுப்புப் பக்கம் விட எனக்குத்தான் நடுக்கமாக இருக்கிறது.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

நடுக்கம் இயல்பு. ஆனால் அவர் கேட்பது நியாயம், இன்றே தொடங்கலாம். முதல் சில நாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் பழக்குங்கள். சிலிண்டரை மூடிவிட்டு, பாத்திரத்தை வைப்பது, இறக்குவது, குமிழைத் திருப்புவது எல்லாம் ஆறின அடுப்பிலேயே கைக்குப் பழக வேண்டும்.

நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலும் குமிழை அழுத்தி இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் வருவது முழுத்தீ. இன்னும் திருப்பினால்தான் சிறுதீ. கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் தீ வரும் என்று நினைத்துத்தான் பலரும் பயந்து போகிறார்கள். குமிழின் முனையிலும், அடுப்பின் முகப்பில் மூடிய நிலை, முழுத்தீ, சிறுதீ ஆகிய மூன்று இடங்களிலும் மிளகு அளவு எம்-சீல் ஒட்டுப்பசையை உருட்டி ஒட்டுங்கள். முனையும் புள்ளியும் நேருக்கு நேர் வந்தால் எந்த நிலை என்பது விரலுக்குத் தெரியும்.

பாத்திரத்தை முதலில் வைக்க வேண்டும், பிறகுதான் பற்ற வைக்க வேண்டும். ஆறின தாங்கியைத் தடவி நடுவில் வைத்த பிறகு தீ மூட்டினால், எரியும் தீக்கு மேல் பாத்திரத்தோடு தடுமாற வேண்டியதில்லை. இதற்குத் தானாகப் பற்றும் அடுப்பு வசதி. மூன்று விநாடிக்குள் பற்றிய சத்தம் கேட்கவில்லை என்றால் குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, வாடை போன பிறகே மறுபடி முயல வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கசிவு என்றால் 1906 என்ற எண்ணை அவரே அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பருத்தி உடை, முந்தானை அல்லது துப்பட்டா இடுப்பில் செருகியிருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் சமையலுக்கு நம்ம ஊர் அரிசிம்பருப்பு சாதத்தைவிட நல்லது கிடையாது. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், மூன்று விசில். எல்லாம் டம்ளர் கணக்கு, வெந்ததைக் காது சொல்லிவிடும். தாளிப்பில் எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க முடியாது. அதனால் எண்ணெயோடு சேர்த்தே நாலைந்து கடுகைப் போட்டுவிடச் சொல்லுங்கள். அவை வெடித்தால் எண்ணெய் தயார், மீதிக் கடுகும் சின்ன வெங்காயமும் அப்புறம். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து சாய்த்து ஊற்றினால் அளவு தப்பும். வாயகன்ற டப்பாவில் வைத்து, காம்பு நிமிர்ந்து நிற்கும் சிறு குழிக்கரண்டியால் மொண்டு எடுப்பது சுலபம். குக்கரைத் திறக்கும் முன் இடுக்கியால் வெயிட்டைச் சற்றுத் தூக்க வேண்டும். சீறல் கேட்டால் இன்னும் ஆவி இருக்கிறது.

பச்சைத் தண்ணீர் ஊற்றும்போது டம்ளர் விளிம்புக்குள் விரல் நுனியை வைத்துக்கொள்ளலாம். காபிக்கு அது ஆகாது. டம்ளரை விளிம்பு உள்ள தட்டில் வைத்து, கரண்டிக் கணக்கில் மொண்டு ஊற்றட்டும். உங்கள் டம்ளருக்கு எத்தனை கரண்டி என்று ஒருமுறை தண்ணீரை வைத்து எண்ணிவிட்டால் போதும். விளிம்பில் மாட்டினால், பானம் தொட்டதும் பீப் என்று ஒலிக்கும் சிறு கருவியும் இருக்கிறது.

காய் நறுக்க கத்தியைவிட அருவாமணை மேல் என்பது எங்கள் கருத்து. அலகு ஓரிடத்தில் நிற்கும், இரண்டு கையும் காயில் இருக்கும். ஆனால் நறுக்கி முடித்து எழும் முன் மடக்கிச் சுவரோரம் வைத்தாக வேண்டும். உப்புக்குக் கல் உப்பு, சர்க்கரைக்கு வேறு வடிவ டப்பா. மஞ்சள், மிளகாய், மல்லித்தூள் டப்பாக்களுக்கு முறையே ஒன்று, இரண்டு, மூன்று ரப்பர் பேண்ட். மிக்ஸி குமிழ் ஒவ்வொரு நிலைக்கும் கிளிக் என்று நிற்பதால் சிக்கல் இல்லை. தொடுகண்ணாடி வைத்த இண்டக்ஷன் அடுப்பு வேண்டாம். தடவிப் பார்க்கும்போதே ஏதாவது ஓடத் தொடங்கிவிடும். அழுத்தும் பொத்தான் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஒரு டப்பாவை எடுத்தால், எடுத்த இடத்திலேயே திருப்பி வையுங்கள். உப்பு டப்பா அரை அடி நகர்ந்திருந்தாலும் அவருக்கு அது தொலைந்துபோன மாதிரிதான்.

பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பார்வை முழுக்க இல்லை. 100, 200, 500 நோட்டு குழப்புகிறது.
– வாசகர், பெருந்துறை

குழப்புவது நியாயமே. புது வரிசையில் இந்த மூன்றும் ஒரே அகலம், 66 மி.மீ. நீளம் 142, 146, 150. ஒன்றுக்கொன்று 4 மி.மீ. தான் வித்தியாசம். 50 ரூபாய் 135 நீளம். 20 ரூபாய் 129, 10 ரூபாய் 123. இவை இரண்டும் அகலம் 63. இதில் பெரிய பொறி பழைய 100 ரூபாய் நோட்டு. அது 157 நீளம், 73 அகலம். இன்னும் செல்லும், புது 500ஐவிடப் பெரியது. ஆகவே நீளத்தைப் பார்க்கும் முன் அகலத்தைப் பாருங்கள்.

கெட்டியான அட்டையில் 66 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையில் மேடாக விளிம்பு ஒட்டி, அங்கிருந்து 142, 146, 150 ஆகிய இடங்களில் ஓரத்தில் வெட்டுக் குறி போடச் சொல்லுங்கள். நோட்டின் ஒரு முனையை விளிம்பில் முட்டவைத்து நீவினால் மறுமுனை எந்தக் குறியில் நிற்கிறது என்று தெரியும். பட்டையைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருந்தால் பழைய நோட்டு. புதிதாக வந்த தாளில் ஓரத்துச் சாய்கோடுகளும் விரலுக்குத் தட்டுப்படும். 100க்கு நான்கு கோடு, 200க்கு நான்கு கோட்டின் இடையே இரண்டு வட்டம், 500க்கு ஐந்து கோடு. கசங்கிய நோட்டில் இவை தேய்ந்துவிடும், இவற்றை மட்டும் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி கேமராவில் பார்த்து மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. நல்ல நோட்டா கள்ள நோட்டா என்பதை அது சொல்லாது.

வாங்கியதும் மடித்துவிடுங்கள். 100 மடிக்காமல், 200 குறுக்கே பாதியாக, 500 நெடுக்கே பாதியாக. நாணயத்தில் 20 ரூபாய் பன்னிரண்டு பக்கம் கொண்டது, தொட்டதும் தெரியும். ஜிபே, போன்பே பணத்துக்கு ஒலிப்பெட்டி வைத்துத் தமிழில் பேச வையுங்கள். பெட்டி சொல்லும்வரை சரக்கைக் கையில் கொடுக்க வேண்டாம்.

பேசும் போன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது போனே வேலை செய்யவில்லை என்கிறார் மாமனார். பேங்கில் செக் புக்கும் தரமாட்டேன் என்கிறார்கள்.
– வாசகி, நாமக்கல்

போன் கெடவில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி ஓடும்போது ஒருமுறை தொட்டால் பெயரை மட்டும் வாசிக்கும். திறக்க வேண்டுமானால் அடுத்தடுத்து இரண்டு தட்டு. பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பார்வை உள்ளவர்கள் ஒரு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுப் போன் மக்கர் செய்கிறது என்று அணைத்துவிடுகிறார்கள். அமைப்புகளில் டாக்பேக்குக்குக் குறுக்குவழியை இயக்கி வைத்தால், இரண்டு வால்யூம் பொத்தானையும் மூன்று விநாடி சேர்த்துப் பிடித்து ஆன், ஆஃப் செய்யலாம். எழுத்தை வாசிக்கும் குரலில் தமிழைத் தரவிறக்கி, வேகத்தை முதலில் குறைவாக வையுங்கள். ரகசிய எண் போடும்போது காதில் ஹெட்போன் இருக்கட்டும்.

பார்வையில்லை என்பதற்காகச் செக் புக், ஏடிஎம் அட்டை, லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்றே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் மனுக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். ஆளை உறுதிப்படுத்த கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் ஆன்லைன் சரிபார்ப்பில் சிக்கினால், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அவருக்குத் துணை. பார்வையற்றோருக்கு மாற்று வழி வேண்டும் என்பது அதில் இருக்கிறது. கையெழுத்துக்கு அட்டையில் எட்டு செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கோட்டின் மேல் வைத்தால் வரி மாறாது.

சோமனூரில் தறிச் சத்தத்தில் ரோட்டில் வண்டி வருவதே கேட்பதில்லை. எப்படிக் கடப்பது?
– வாசகர், சோமனூர்

கேட்காத இடத்தில் தனியாகக் கடக்காதீர்கள். தறிக்குடோன் வரிசையைத் தாண்டிச் சத்தம் அடங்கும் இடத்துக்கு நடந்து சென்று கடப்பதே வழி, சுற்றானாலும் பரவாயில்லை. பேட்டரி ஸ்கூட்டர் வந்த பிறகு அமைதியான ரோட்டிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். உதவிக்கு வருபவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்தால், நின்று, "நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கறேனுங்க" என்று சொல்லுங்கள். அவர் அரை அடி முன்னே நடந்தால், படியும் பள்ளமும் அவர் உடம்பின் ஏற்ற இறக்கத்திலேயே தெரியும். பஸ்ஸில் ஏற்றிவிடுபவர் உங்களைத் தூக்க வேண்டியதில்லை, கைப்பிடிக் கம்பியில் உங்கள் கையை எடுத்து வைத்தால் போதும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. இன்சுலின் பேனாவில் கிளிக் எண்ணிப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், பல்லடம்

பெரும்பாலான பேனாக்களில் ஒரு கிளிக் ஒரு யூனிட். ஆனால் கிளிக்கை மட்டும் நம்பிப் போட வேண்டாம் என்றே பேனாவோடு வரும் குறிப்பில் இருக்கும். எண்ணிய பின், பார்வை உள்ள ஒருவர் அளவைப் பார்த்துச் சொல்லட்டும். ஆள் இல்லாத வேளைக்கு என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். காலை, இரவு என்று இரண்டு வகை இன்சுலின் என்றால், ஒரு பேனாவில் மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றி, இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். பேசும் குளுக்கோமீட்டர் கிடைக்கிறது. மங்கல் பார்வை மீதம் இருப்பதால் கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மறுவாழ்வுப் பிரிவில் காட்டுங்கள். உங்கள் கண்ணுக்கு ஏற்ற உருப்பெருக்கி எது என்று சோதித்துச் சொல்வார்கள். பேனாவின் எண் அதில் தெரிகிறதா என்று பார்க்க, பேனாவையும் கையோடு கொண்டு போங்கள்.