கத்தரிக்கோலால் வரைந்த நத்தை

கேள்வி: நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் வண்ணத்தாள் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய ‘நத்தை’ படைப்பின் அச்சுப்படியைக் காட்டினேன். “நத்தை எங்கே, டீச்சர்?” என்று கேட்டார்கள். வண்ணத்தாளை வெட்டி ஒட்டச் சொன்னதும், எல்லாரும் அந்தப் படத்தையே நகலெடுத்துவிட்டார்கள். நான் எப்படி நடத்தியிருக்க வேண்டும்?
– அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: பிள்ளைகள் கேட்டது மிக நல்ல கேள்வி. அதற்கு உடனே விடை சொல்லாமல், பத்து நிமிடமாவது படத்தைப் பார்க்க விடுங்கள். நடுவில் விரலை வைத்துத் துண்டுக்குத் துண்டு தாவிச் சென்றால், ஓடு சுருண்டு விரிவதை விரலே கண்டுகொள்ளும். இடப்பக்க மேல் மூலையில் உள்ள இளஊதாத் துண்டின் விளிம்பில் ஒரு குட்டி நத்தையின் உருவமும் இருக்கிறது; யாராவது ஒரு குழந்தை அதைத் தானே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

1953இல் உருவாகி, இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ள அந்தப் படைப்பு நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 2.87 மீட்டர். அச்சுப்படியில் இது தெரியாது. ஆகவே தரையில் சாக்கட்டியால் அதே அளவுச் சதுரம் ஒன்றைப் போட்டு, பிள்ளைகளை அதைச் சுற்றி நிற்கச் செய்யுங்கள்.

நகலெடுத்தது பிள்ளைகளின் குற்றமன்று. கத்தரிக்கோலும் பசையும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தால், முதலில் வைத்த இடமே முடிவான இடமாகிவிடுகிறது. 1941இல் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியிலும் படுக்கையிலுமாக வாழ்ந்த மத்தீஸ், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களை வெட்டித் தருவார். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்துவதும் இடம் மாற்றுவதுமாக இருப்பார்கள். ஒட்டுவது கடைசி வேலை. நத்தையைக் கையில் ஏந்திப் பார்த்து வரைந்த பிறகே இந்தப் படைப்புக்காகக் கத்தரிக்கோலை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வரிசையிலேயே உங்கள் வகுப்பும் போகட்டும். அச்சுப்படியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கழுவிய வெற்று நத்தைக்கூடு, சங்கு, பாகற்காய் என்று ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் செய்யுங்கள். கடையில் விற்கும் பளபளப்புத் தாள் வேண்டாம். ஒருபக்கம் எழுதிய தாள்களின் மறுபக்கத்தில் அவர்களே போஸ்டர் கலர் பூசினால், தூரிகை ஓடிய தடம் தாளில் நிற்கும். காய்ந்தபின், பென்சிலால் கோடு போடாமல் நேராக வெட்டட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துண்டுகளைப் பெரிய தாளில் பரப்பி, ஒவ்வொன்றின்மீதும் ஒரு புளியங்கொட்டையை வைத்து அன்று அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் வந்ததும் பெரும்பாலான குழந்தைகள் எதையாவது நகர்த்துவார்கள். ஏன் நகர்த்தினாய் என்று கேளுங்கள். பசை அதற்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: என் மாணவி சிவப்பை ஒட்டிப் பச்சையை வைத்தாள். கண்ணை உறுத்துகிறது என்று மாற்றச் சொன்னேன். சரிதானா?
– ஓவிய ஆசிரியர் ஒருவர்

பதில்: மாற்றச் சொல்லியிருக்க வேண்டாம். எதிர் நிறங்கள் அருகருகே வந்தால் ஒன்றை ஒன்று கூர்மையாக்கிக் காட்டும். ‘நத்தை’யில் மத்தீஸ் சிவப்புக்குப் பச்சையையும் நீலத்துக்கு ஆரஞ்சையும் அண்டை வைத்தது அதற்காகவே. ஒரே சிவப்புத் தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைப் பச்சைத் தாளிலும் மற்றொன்றை ஆரஞ்சுத் தாளிலும் வைத்து, எந்தச் சிவப்பு அதிகச் சிவப்பு என்று அந்த மாணவியிடமே கேளுங்கள்.